முன்சீட்டில் ஒரு பெண்

படாளம்
9.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதுகிறேன். குளிரில் உனக்கு மூக்கில் ரத்தம் வந்ததாகச் சொன்னாயே, நின்றுவிட்டதா? இங்கே அம்மாவின் முழங்கால் வலி ஒரு நாள் குறைகிறது, ஒரு நாள் கூடுகிறது. எனக்கு ஒன்றும் குறைவில்லை.

உன் முகாமிலிருந்து எப்போதாவது வரும் போனில் அம்மா பேசி முடிப்பதற்குள், பின்னால் வரிசையில் நிற்கும் ஜவான்கள் உன்னை அவசரப்படுத்துவது இங்கே கேட்கிறது. என் முறை வருவதேயில்லை. வந்தாலும் நான் என்ன பேசிவிடப் போகிறேன்! எழுதினால்தான் எனக்கு வார்த்தை வரும்.

நீ விட்டுப்போன வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஏர்போர்ட்டில் இறங்குகிற கெஸ்டுகளை உன் ஃப்ரெண்டு துரை அண்ணன் நம் வண்டியில் ஏற்றி, சிகிச்சைக்கு வந்தவர்களை ஆஸ்பத்திரியிலும், ஊர் சுற்ற வந்தவர்களை மகாபலிபுரத்திலும் விடுகிறார். ரூம், சிம் கார்டு, டாக்டரைப் பார்க்க டோக்கன் எல்லாவற்றையும் நான் வீட்டிலிருந்தே மெசேஜில் முடித்துவிடுகிறேன். யாராவது போன் செய்தால் மட்டும் எடுப்பதில்லை. கட் செய்துவிட்டு, ‘மீட்டிங்கில் இருக்கிறேன், மெசேஜ் அனுப்பவும்’ என்று போடுகிறேன். மீட்டிங்காம்! பக்கத்தில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள்.

ஒரு விஷயம். அசாமிலிருந்து வந்துபோன ஒரு தம்பதி, ஊர் திரும்பியதும் செய்தி அனுப்பியிருந்தார்கள். ‘துரைக்கும், முன்சீட்டில் இருந்த அந்தப் பெண்மணிக்கும் எங்கள் நன்றி’ என்று. எந்தப் பெண்மணி? நான் ஒருநாளும் வண்டியில் போனதில்லை. ‘யார் அது?’ என்று டைப் செய்தேன், பிறகு அழித்துவிட்டேன். தன் வண்டியில் யார் வருகிறார்கள் என்று தனக்கே தெரியாதா என்று நினைப்பார்களே.

இன்னொன்று. வண்டியைத் துரை அண்ணன் ஊருக்குள் கொண்டுவருவதே இல்லை. செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்து ஷெட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறார். முன்பெல்லாம் ஓட்டுகிற வண்டியைத் தன் வாசலில் நிறுத்தி, தெருவே பார்க்கக் கழுவுகிற ஆள் அவர். உனக்கு ஏதாவது தெரியுமா?

நீ திரும்பி வந்தால் இந்த வண்டிதான் நம் பிழைப்பு என்று சொல்லிவிட்டுப் போனாய். அதனால்தான் கேட்கிறேன்.

ஈரக் காலுறை போடாதே என்று மூன்று தரம் எழுதச் சொன்னாள் அம்மா. ஒரு தரம் எழுதிவிட்டேன்.

உன் தங்கை,
தமிழ்ச்செல்வி


முகாம்
2.7.2024

அன்பு செல்விக்கு,

உன் கடிதம் பனியில் நனைந்து வந்து சேர்ந்தது. படிக்க முடிந்தது. மூக்கு சரியாகிவிட்டது. இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். அம்மாவை மதுராந்தகத்தில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போ; தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டவேண்டாம்.

மழைக்கு முன் வண்டியின் டயரை முன்னதைப் பின்னால் மாற்றச் சொல். கெஸ்டுகளுக்குக் குடிக்கத் தண்ணீர் பாட்டில் வைக்க மறக்கவேண்டாம். ரூம் போடும்போது ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் போடு.

வண்டி செங்கல்பட்டிலேயே நிற்கட்டும். நான்தான் சொன்னேன். நம் தெருவில் பையன்கள் வண்டியில் கல்லால் கோடு போட்டுவிடுவார்கள்.

நீ பட்டம் வாங்கிய போட்டோவை என் கட்டில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ‘இன்னா மச்சான், ஒன் தங்கச்சி போட்டோவுல கூட தலைய குனிஞ்சிகினு கீது’ என்று நம் பக்கத்து ஜவான் ஒருவன் கிண்டல் செய்கிறான்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

தீனதயாளன்


படாளம்
21.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போட்டோவை அங்கேயா ஒட்டினாய்? எடுத்துவிடு. அம்மாவை டாக்டரிடம் காட்டினேன். தேய்மானமாம். மாடி ஏறக்கூடாது என்றார். நமக்கு மாடியே இல்லை என்று அம்மா அவரிடம் சண்டைக்குப் போனாள்.

நான் கேட்காததைக்கூட நீ எழுதியிருந்தாய். டயர், தண்ணீர் பாட்டில் வரை. அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. மறந்துவிட்டாயா?

கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் போட்டோ அனுப்பியது. புலிக்குகை வாசலில் அவர்கள் குழந்தை, தலையில் மல்லிகைச் சரத்தோடு நிற்கிறது. ‘ஆன்ட்டி வைத்துவிட்டார்’ என்று கீழே எழுதியிருந்தது. போட்டோ ஓரத்தில் ஒரு கை. கண்ணாடி வளையல், முழங்கை வரை காக்கித் துணி. முகம் இல்லை.

இன்சூரன்ஸ் நகல் கொடுக்கிற சாக்கில் ஷெட்டுக்குப் போனேன். நகலை வைக்க டேஷ்போர்டைத் திறந்தால், உள்ளே துருப்பிடித்த பெரிய சாவிக்கொத்து. அத்தனையும் இரும்பு, வீட்டுப் பூட்டுச் சாவிகள். துரை அண்ணன் வீட்டில் இருப்பது ஒரே கதவு. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பழைய சாவிம்மா. சும்மா கீது” என்று எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். நான் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார்.

பன்னீர்செல்வம் மாமா நேற்று வந்திருந்தார். “உங்கண்ணன் ஃப்ரெண்டு ஃப்ரெண்டுன்றான். அந்த தொர மகாபலிபுரத்துல தனி வூடு எடுத்து வச்சிகிறானோ இன்னாவோ. வண்டிய என்னாண்ட குடு, நம்ம ஆள வச்சி ஓட்டிக் காட்றேன்” என்றார். சாவிக்கொத்தைப் பற்றி மாமாவுக்குத் தெரியாது. தெரியாமலே தனி வீடு என்கிறார்.

நீ சாப்பிடுகிறாயா? ரொட்டியே தின்று வாய் மரத்திருக்கும்.

உன் தங்கை,
செல்வி


முகாம்
14.8.2024

செல்விக்கு,

நலம். சாப்பாட்டுக்குக் குறையில்லை.

டிரைவருக்கு வண்டி என்பது பாதி வீடு. அதற்குள் போய் எதையும் திறந்து பார்க்காதே. மாமாவை வண்டிப் பக்கமே விடாதே. அவருக்குக் கொடுத்தால் அது திரும்பி வராது. தையில் நான் விடுப்பில் வரும்வரை துரைதான். அவன் கையில் வண்டி இருக்கிறது என்பதால்தான் எனக்கு இங்கே தூக்கம் வருகிறது.

அம்மாவை மாடி ஏறவிடாதே என்று எழுத நினைத்தேன். சிரித்துவிட்டேன்.

தீனா


படாளம்
3.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் உன்னை நல்லபடியாக வந்தடைய வேண்டும். அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இப்போது இறங்கிவிட்டது. காய்ச்சலுக்குக் காரணம் ரேஷன் கடையில் கேட்ட பேச்சு என்று நினைக்கிறேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தேன்.

போன விடுப்பில் நீ வந்திருந்தபோது, விடியற்காலையில் ஏரிக்கரைப் பக்கம் உன்னையும் துரை அண்ணன் சம்சாரம் சின்னப்பொண்ணு அண்ணியையும் ஒரே வண்டியில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஒருநாள் இல்லையாம், பல நாளாம். “கல்யாணம் ஆவாத புள்ள, அவனுக்கு ஏரிக்கரையில இன்னா வேல?” என்று லோடு வண்டி செல்வராஜ் சம்சாரம் அம்மாவின் காதில் விழும்படியே கேட்டிருக்கிறாள். அம்மா பாமாயிலைக்கூட வாங்காமல் திரும்பிவிட்டாள்.

நான் நம்பவில்லை. ஆனால் சின்னப்பொண்ணு அண்ணியைச் செங்கல்பட்டு பஸ்ஸில் பார்த்தேன். பக்கத்தில் இடம் போட்டுக் கூப்பிட்டார்.

“எங்க அண்ணி?”

“கேளம்பாக்கத்துக்கு. ஃபிளாட்ல வேல செய்றேன் இல்ல?”

“எந்த ஃபிளாட்டு?”

“அதான்... பெரிய ஃபிளாட்டு. பேரு வாயில வர மாட்டுது பாப்பா.”

தினம் போகிற இடத்தின் பெயர் வாயில் வராதா? பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். உள்ளே மடித்த காக்கித் துணி தெரிந்தது. அந்தப் போட்டோவில் இருந்த கை இவருடையதா? அப்படியென்றால் புருஷனோடு போவதை ஏன் மறைக்கவேண்டும்? ஒருவேளை அது நம் வண்டியே இல்லையா? நீ ஏன் துரை அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாலும் கோபப்படுகிறாய்? ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் தலை வலிக்கிறது.

ஏரிக்கரையில் என்ன நடந்தது என்று எனக்கு மட்டும் எழுது. அம்மாவிடம் காட்டமாட்டேன்.

செல்வி


படாளம்
8.10.2024

அண்ணனுக்கு,

உன் பதிலுக்காகத் தினம் போஸ்ட்மேனைப் பார்க்கிறேன். அங்கே வழி அடைத்திருக்கிறதா, உடம்புக்கு முடியவில்லையா, எழுத விருப்பமில்லையா?

துரை அண்ணனிடம் நேராகக் கேட்டுவிடலாம் என்று போன வாரம் அவர் வீட்டு வேலி வரை போனேன். அவர் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். “இன்னா செல்விம்மா?” என்றார். “நாளைக்கு ஃபிளைட் லேட்டு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதை மெசேஜில் ஏற்கெனவே அனுப்பியிருந்தேன்.

அதனால் மாமாவிடம் சொல்லிவிட்டேன். போட்டோ, சாவிக்கொத்து, எல்லாவற்றையும். நான் கேட்கமுடியாததை அவர் கேட்பார். வரும் ஞாயிற்றுக்கிழமை கெஸ்டுகளோடு வண்டி மகாபலிபுரம் போகிறது. அங்கேயே போய்ப் பார்ப்போம் என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

செல்வி


முகாம்
27.9.2024

அன்பு செல்விக்கு,

மேலே ஒரு போஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இறங்கி வந்த பிறகுதான் உன் கடிதத்தைப் பார்த்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா?

ஏரிக்கரைப் பேச்சு பொய்யில்லை. சின்னப்பொண்ணுக்கு நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பின்சீட்டில் துரையும் இருந்தான். அவன் படுத்திருந்ததால் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. துரைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவனிடமோ அவளிடமோ நீயே கேள். கேட்டால் சொல்வார்கள். மாமாவிடம் மட்டும் எதையும் சொல்லிவிடாதே.

அம்மாவிடம், உன் பிள்ளை தப்புச் செய்யவில்லை என்று சொல். அது போதும்.

தீனா


படாளம்
19.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ செப்டம்பரில் எழுதிய கடிதம் புதன்கிழமைதான் வந்தது. எல்லாம் அதற்கு முந்தைய ஞாயிறே முடிந்துவிட்டது.

மாமா என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். “உங்க வூட்டு வண்டி. நீ கூட நின்னா போதும், பேசறத நான் பேசிக்கிறேன்” என்றார். கடற்கரைக் கோயில் பார்க்கிங்கில் காத்திருந்தோம். நம் வண்டி வந்து நின்றது. துரை அண்ணன் இடப்பக்கக் கதவைத் திறந்து இறங்கினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஓட்டுகிறவர் ஏன் இடப்பக்கம் இறங்குகிறார்? ஆனால் மாமா அதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டார்.

“இன்னாடா தொர, எங்கக்கா வூட்டு வண்டியில எவள இட்டுகினு சுத்தற?”

“கெஸ்டு உள்ள கீறாங்க. மெதுவா பேசுங்க. அப்பால பேசிக்கலாம்.”

“இன்னா அப்பால? எறங்கச் சொல்லுடா அவள! எல்லாரும் வந்து பாருங்கப்பா!”

டிரைவர்கள் கூடிவிட்டார்கள். “இன்னாபா காலையிலயே பேஜாரு?” என்று ஒருவர் சிரித்தார். நம் ஊர் செல்வராஜும் லோடு இறக்க வந்தவர் அங்கே நின்றார். மாமாவுக்குப் பின்னால் நான் நிற்பதைத் துரை அண்ணன் அப்போதுதான் பார்த்தார்.

“செல்விம்மா, நீ சொல்லும்மா. நீதான அனுப்பிச்ச இந்த கெஸ்ட? சொல்லும்மா இவராண்ட.”

நான் தரையைப் பார்த்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கண் எங்கோ போனது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. வெட்டிய மரம் போல் விழுந்துவிட்டார். கைகால் எல்லாம் உதறிக்கொண்டது. வலப்பக்கக் கதவு திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து சின்னப்பொண்ணு அண்ணி குதித்து ஓடிவந்தார். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. அந்த இரும்புச் சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் திணித்து விரல்களை மூடிப் பிடித்தார். வலிப்புக்கு இரும்பு கொடுப்பார்களே, அதற்குத்தான் அந்தச் சாவிகள். நான் அதற்கு ஒரு வீடே கட்டி வைத்திருந்தேன்.

வண்டியில் வந்தவர்களில் பெரியவர் ஒரு டாக்டர். சாவியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றது. வேட்டி நனைந்திருந்தது. அண்ணி தன் காக்கிச் சட்டையைக் கழற்றி அவர் இடுப்பில் போர்த்தினார்.

“வலிப்புக்காரனா? வலிப்ப வச்சிகினா இத்தினி நாளா வண்டி ஓட்டினான்?” என்றார் மாமா.

“அவரு ஓட்டல. நான் ஓட்னேன். லைசென்ஸ் கீது, பாக்குறியா? வண்டியில ஒரு கீறல் காட்டு, பாப்போம்.”

செல்வராஜ் அதற்குள் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். அண்ணி அதைப் பார்த்தார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“பஸ்ல பக்கத்துல தான ஒக்காந்துகினு வந்த, பாப்பா? ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?”

அண்ணி துரை அண்ணனைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டார். கெஸ்டுகளிடம் மன்னிப்புக் கேட்டு, அவர்களை ரூமில் விட்டுவிட்டு, வண்டியைச் செங்கல்பட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். மாமா ஷெட்டில் காத்திருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

அம்மாவுக்கு உன் வார்த்தையைச் சொன்னேன். அழுதாள். எனக்கு உன்னிடம் நலம் விசாரிக்கவே கூச்சமாக இருக்கிறது.

செல்வி


முகாம்
11.11.2024

செல்விக்கு,

இங்கே நலம்.

போன விடுப்பில் துரை என் கண் முன்னால்தான் முதலில் விழுந்தான். டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார். அவனே வந்து சாவியை என் கையில் வைத்து, ‘வேற ஆள் பாரு மச்சான்’ என்றான். சின்னப்பொண்ணை ஓட்டவைக்கலாம் என்றது என் யோசனை. அவன் கேட்டது ஒன்றே ஒன்று: ஊருக்குத் தெரியவேண்டாம். அவன் மகளுக்கு நாளைக்கு வலிப்புக்காரன் மகள் என்று பெயர் வரக்கூடாது. பகலில் வீட்டில் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் வண்டியிலேயே கூடப் போனான்.

உன்னிடம் சொல்லாதது என் தப்பு. சொன்னால் நீ பேசமாட்டாய், ஆனால் உன் முகம் சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

மாமாவிடம் பேச உனக்கு வாய் வந்தது. துரையிடம்தான் வரவில்லை.

அவன் எப்படி இருக்கிறான்? வண்டி யாரிடம் இருக்கிறது? இந்த இரண்டையும் எழுது.

தீனா


படாளம்
5.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம். நீ கேட்ட இரண்டில் வண்டியை முதலில் எழுதுகிறேன், அதுதான் எழுதச் சுலபம்.

மாமா வைத்த டிரைவர், விடியற்காலை ஃபிளைட்டில் இறங்கிய ஒரு நோயாளியை ஏர்போர்ட் வாசலில் நிற்கவைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். இன்னொரு குடும்பத்தைக் கோயிலுக்குப் பதிலாகக் கமிஷன் தருகிற சிலைக் கடைக்கு இழுத்துப்போயிருக்கிறான். அவர்கள் எனக்கு எழுதிய மெசேஜை அம்மாவுக்குப் படித்துக்காட்டக்கூட முடியவில்லை. நேராக மாமா வீட்டுக்குப் போனேன். சாவி ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டேன்.

“இன்னாமே, எடுத்துகினு நீ பாட்டுக்குப் போய்கினே கீற? வாயில கொழுக்கட்டையா?” என்று மாமா தெருமுனை வரை கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னப்பொண்ணு அண்ணி மறுபடி ஓட்ட ஒப்புக்கொண்டார். கெஸ்டுகளுக்கு அனுப்பும் மெசேஜில் டிரைவர் என்று தன் பெயர்தான் இருக்கவேண்டும் என்றார். “இனிமே இன்னா ஒளிச்சி வைக்க கீது?” இப்போது வண்டி அவர் வாசலிலேயே நிற்கிறது. மார்கழி சீசனுக்கு எல்லா நாளும் புக்கிங் ஆகிவிட்டது. வண்டி உனக்குப் பத்திரமாக இருக்கிறது.

துரை அண்ணன் வெளியே வருவதில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாளாம். ஒரு பையன் எல்லோர் முன்னாலும் கீழே விழுந்து கைகால் உதறிக் காட்டியிருக்கிறான். அவள் இப்போது அப்பாவைத் தலை பின்ன விடுவதில்லையாம்.

நான் இரண்டு முறை அவர் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே கட்டிலில் அவர் முதுகு தெரிந்தது. என்ன சொல்வது என்று மனத்துக்குள் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டு போனேன். அங்கே நின்றதும் ஒரு எழுத்துகூட வரவில்லை. அண்ணியிடம் ஃபிளைட் நேரத்தைச் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ தையில் வரும்போது அவரிடம் சொல்லிவிடு. செல்வி வேண்டுமென்று செய்யவில்லை என்று. நீ சொன்னால் கேட்பார்.

உன் தங்கை,
செல்வி


முகாம்
30.12.2024

அன்பு செல்விக்கு,

நலம். விடுப்பு கிடைத்துவிட்டது. பொங்கல் கழித்து வருகிறேன். அம்மாவின் முழங்காலுக்கு இங்கே கம்பளி உறை வாங்கியிருக்கிறேன்.

ஃபிளைட் விவரம் தனியாக அனுப்புகிறேன். மற்றவர்களுக்கு அனுப்புவது போலவே எனக்கும் டிரைவர் பெயரும் வண்டி எண்ணும் அனுப்பு. நீயும் வண்டியில் ஏறி வா.

ஏர்போர்ட்டிலிருந்து நேராகத் துரை வீட்டுக்குப் போகிறோம். பிறகுதான் நம் வீடு. அம்மாவிடம் சொல்லி வை, கோபித்துக்கொள்ளவேண்டாம்.

நான் வாசலிலேயே நின்றுகொள்கிறேன். உள்ளே நீ போ. திக்கினாலும் பரவாயில்லை, நேரமானாலும் பரவாயில்லை, அவன் திரும்பிப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. உனக்காக நான் பேசமாட்டேன்.

தீனா